இடது பக்கப் பொத்தான்

வெள்ளவத்தை
21.01.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். பொங்கலுக்கு வர முடியவில்லை. மறுநாளே வழக்குத் தவணை இருந்தது. அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மகள் தனுஷிகாவுக்குக் கொட்டகலைப் பாடசாலையில் நிரந்தர நியமனம் கிடைத்துவிட்டதா?

இத்துடன் ஒரு சிறிய பெட்டி வரும். உங்கள் காதுக்கான கருவி. முப்பது வருடம் தேயிலை ஸ்டோரில் இலை அரைக்கும் உருளைகளுக்குப் பக்கத்தில் நின்ற காதுக்கு இது எவ்வளவு உதவும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் போட்டுப் பாருங்கள். தொலைபேசியில் நீங்கள் "ஆங், ஆங்" என்பதை நம்பி இனி நான் எதுவும் பேசப் போவதில்லை. எழுதுவதே நமக்குச் சரி.

ஒன்று கேட்க வேண்டும். கையில் பிடித்துக் கொழுந்து வெட்டும் பெட்டரி மெசின் உங்கள் தோட்டத்துக்கும் வந்திருக்கிறதே, அதை எப்படிப் பாவிக்கிறார்கள்? புத்தகத்தில் உள்ளபடி வேண்டாம். மலையில் நடக்கிறபடி எழுதுங்கள்.

கேட்பது என் வேலைக்காக. அண்ணி கல்யாண வீடுகளில் என்னை "லோயர்" என்று அறிமுகப்படுத்தி அத்துடன் நிறுத்திக்கொள்கிறார். எந்தப் பக்கத்து லோயர் என்பதையும் சொல்லலாம், எனக்கு வெட்கமில்லை. ஒரு பொருளால் காயப்பட்டவர் அதைச் செய்த கம்பெனி மீது வழக்குப் போட்டால், நான் கம்பெனிக்காகப் பேசுகிறேன். இருபத்திரண்டு வருடத்தில் தோற்றது ஐந்து வழக்கு.

தேதி போட்டு எழுதுங்கள். தேதியில்லாத கடிதத்துக்கு என் உலகத்தில் மதிப்பில்லை.

அண்ணிக்கு என் அன்பு.
தங்கை சுதர்ஷினி


அக்கரப்பத்தனை
04.02.2024

அன்புத் தங்கச்சிக்கு,

தேதி போட்டாயிற்று. நாங்கள் எல்லோரும் நலம். அண்ணிக்கு முழங்கால் வலி குளிருக்கு வரும், வெயிலுக்குப் போகும். தனுஷிகாவின் கடிதம் இன்னும் நுவரெலியா ஒப்பீசில் ஏதோ மேசையில் கிடக்கிறது.

கருவி வந்தது. போட்டதும் முதலில் கேட்டது உன் அண்ணியின் குரல். "இப்பவாவது காதுல ஏறுதா? முப்பது வருஷமா கத்துறேன்." உடனே கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். விசேஷங்களுக்கு மட்டும் போடுகிறேன்.

மெசின் பற்றிக் கேட்டாய். பன்னிரண்டு இருக்கின்றன. எல்லாம் ஸ்டோர் பட்டறையில் என் பொறுப்பில். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது நான்தான் எடுத்துக் கொடுப்பேன், பின்னேரம் வாங்கி வைப்பேன். வலது கைக்கு ஒரு பிடி, இடது கைக்கு ஒரு பிடி. இரண்டிலும் பொத்தான். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி ஓடும். ஒன்றை விட்டால் நின்றுவிடும். முன்னால் ஒரு தட்டு. வெட்டிய கொழுந்து அதில் விழும்.

ஆனால் நம் பெண்களின் கைப்பழக்கம் வேறு. தட்டில் கொழுந்தைப் பார்த்தால் இடது கை தானாக அதை அள்ளித் தோளுக்கு மேலே கூடைக்குள் வீசிவிடும். அவர்கள் நினைத்துச் செய்வதில்லை. மெசின் கொடுத்த பிறகு ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோவையும் கூட்டிவிட்டார்கள். அந்த நிறை வராவிட்டால் அரைப்பேர். முழு நாளும் மலையில் நின்றாலும் அரை நாள் என்றுதான் பதிவார்கள். நீ அதை மறந்திருக்க மாட்டாய்.

நம் லயத்து வேலாயிக்குப் போன ஆகஸ்டில் இந்த மெசினால் இடது கையில் இரண்டு விரல் போனது. இப்போது மெசின் கம்பெனி மேல் கேஸ் போட்டிருக்கிறாள். தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்தனுப்புவாளே, அவள்தான். போன தீபாவளிக்கும் பிழிந்தாள், ஒரு கையால்.

உடம்பைப் பார்த்துக்கொள். கொழும்பு வெயிலில் கறுப்புக் கோட் போட்டு அலையாதே.
அண்ணன் கஜேந்திரன்


வெள்ளவத்தை
12.02.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதுவதுபோல் எனக்கு ஒரு பொறியியலாளரும் விளக்கியதில்லை. நான் நலம்.

வேலாயியின் விரல்களுக்காக வருந்துகிறேன். அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் என் தொழிலில் காயம் ஒரு கேள்வி, காரணம் வேறொரு கேள்வி. என் மூன்றாவது வழக்கு ஒரு பிரஷர் குக்கர். மூடி பறந்து ஒரு தாய்க்கு முகம் வெந்துபோனது. எல்லோரும் கம்பெனியைத் திட்டினார்கள். நான் அந்தக் குக்கரைக் கேட்டு வாங்கி மேசையில் வைத்து ஒரு பின்னேரம் முழுவதும் பார்த்தேன். ஆவி போகும் துளைக்குள் துணித்திரி இருந்தது. விசில் சத்தத்துக்குக் குழந்தை விழிக்கிறது என்று மாமியார் அடைத்திருந்தார். குக்கரில் பிழையில்லை. அந்தக் கம்பெனியில் அறுபது பேர் வேலை செய்தார்கள். ஒரு துணித்திரிக்காக அது மூடப்பட்டிருக்க வேண்டுமா? நான் ஜெயித்தேன். அந்தத் தாயைப் பார்த்துத் தலை குனியவும் இல்லை.

அதனால் கேட்கிறேன். இரண்டு பொத்தானையும் பிடித்திருந்தால் இரண்டு கையும் கத்திக்கு வெளியே இருக்கும். பிறகு இடது விரல் எப்படிக் கத்திக்குள் போகும்? இடது பக்கப் பொத்தானை ஏதாவது செய்கிறார்களா?

அண்ணியின் காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். சூடாக்கித் தடவச் சொல்லுங்கள்.
சுதர்ஷினி


அக்கரப்பத்தனை
03.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். தைலம் வந்தது. வாசனை லயம் முழுவதும் போய், பக்கத்து வீடுகளிலிருந்தும் முழங்கால்கள் வந்துவிட்டன. ஒரு கிழமையில் போத்தல் காலி.

நீ கேட்டது. எல்லா மெசினிலும் இடது பொத்தான் சைக்கிள் டியூப் துண்டால் அழுத்திக் கட்டியிருக்கும். அப்போது வலது கையால் மட்டும் ஓட்டலாம், இடது கையால் கொழுந்தை அள்ளிப் போடலாம். பெரட்டுக்கு வரும்போதே கட்டித்தான் வரும். கண்காணிக்க வரும் கண்டாக்கு ஐயா பார்ப்பார். தோட்டத்தை நடத்தும் தொரையும் பார்ப்பார். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

மழை பிடித்துவிட்டது. வேறு விசேஷமில்லை.
கஜேந்திரன்


வெள்ளவத்தை
10.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

தைலம் இரண்டு போத்தல் அனுப்பியிருக்கிறேன், ஒன்று ஊருக்கு. மெசினைப் பற்றி இனி எழுத வேண்டாம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

சுதர்ஷினி


அக்கரப்பத்தனை
02.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. உனக்கு வேலை அதிகம் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. தனுஷிகாவின் நியமனம் சரியாகிவிட்டது.

போன கிழமை வேலாயி ஒரு கட்டுக் கடதாசி கொண்டுவந்தாள். அவளுடைய கேசுக்குக் கம்பெனி கொடுத்த பதில். சிங்களத்தில் இருந்தது. ஸ்டோரில் எஞ்சினியர்மாருடன் இருந்து எனக்குச் சிங்களம் வாசிக்கப் பழக்கம் என்று அவளுக்குத் தெரியும். வாசலில் உட்கார்ந்து வாசித்துச் சொன்னேன். கம்பெனி பயிற்சி கொடுத்தது, இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னது, வேலாயி தன் விருப்பத்துக்குப் பொத்தானைக் கட்டிக்கொண்டாள், குற்றம் அவளுடையது. இதுதான் சாரம்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "நானாண்ணே கட்டுனேன்?" என்றாள்.

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். கடைசியில் கம்பெனி லோயரின் பெயர் இருந்தது. சுதர்ஷினி செல்லசாமி.

"எதுத்தாப்புல யாருண்ணே லோயர்?"

"யாரோ கொழும்பு ஆளு," என்றேன்.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அது உன் தொழில். நம் அப்பாவின் பெயர் அச்சில் வருவது நல்லதுதான்.

அண்ணன் கஜேந்திரன்


வெள்ளவத்தை
09.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். தனுஷிகாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

ஆமாம், அது என் வழக்கு. உங்களுக்கு முதல் கடிதம் எழுதியபோதே அது என் மேசையில் இருந்தது. சொல்லாமல் கேட்டேன். அது சரியில்லை. அதைப் பூசி மெழுகவும் விரும்பவில்லை.

இன்னொன்றும் சொல்லவில்லை. கம்பெனி நீதிமன்றத்தில் ஒரு பயிற்சிப் பதிவேட்டைக் கொடுத்திருக்கிறது. யாரும் பார்க்கக்கூடிய ஆவணம்தான். மெசின் வந்த அன்று லோஜன் என்ற கம்பெனிப் பயிற்சியாளர் உங்கள் தோட்டத்தில் பயிற்சி கொடுத்தார் என்றும், இரண்டு கையாலும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார் என்றும் அதில் இருக்கிறது. கீழே பதினாலு கையெழுத்து. கடைசியில் உங்களுடையது. 'செ' கொம்பை நீங்கள் சுழிக்கிற சுழிப்பை நான் எங்கே கண்டாலும் அறிவேன்.

அன்றே நான் இந்த வழக்கை வேறொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. காரணம் எளியது: இது ஜெயிக்கிற வழக்கு. மெசினை நானே பிரித்துப் பார்த்தேன். நல்ல மெசின். இரண்டு பொத்தான் வைத்தவர் யோசித்து வைத்திருக்கிறார். பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், அதற்குக் கையெழுத்தும் இருக்கிறது. அதற்குப் பிறகு தோட்டத்தில் யார் எதைக் கட்டினாலும் அது கம்பெனியின் குற்றமில்லை. இதை எந்த நீதிபதியின் முன்னும் நின்று சொல்வேன்.

யார் கட்டுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. வீடு தோட்டத்துடையது. அதை நினைவில் வைத்திருங்கள்.

சுதர்ஷினி


அக்கரப்பத்தனை
28.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

பயிற்சி நடந்தது 2023 மார்ச் மாதம், ஸ்டோர் வாசலில். லோஜன் நல்ல மனிதர். காது கேட்காத எனக்கு முகம் சுளிக்காமல் இரண்டு தரம் சொன்னார். புத்தகத்தில் இருக்கிறபடி இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். பதிவேட்டில் பொய்யில்லை.

பிறகு பெண்களைப் பக்கத்து மலைக்குக் கூட்டிப்போய் வெட்டவிட்டார். பத்து நிமிடத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். தட்டு நிரம்பினால் மெசினை நிறுத்திக் கீழே வைத்து, கொழுந்தை அள்ளி, மறுபடியும் தூக்கி ஓட்ட வேண்டும். வேலாயிதான் கேட்டாள். "ஏந் தம்பி, ரெண்டு கையும் இங்கன இருந்தா கொழுந்த எதுல போடுறது, வாயிலயா?" எல்லோரும் சிரித்தார்கள். தொரை சிரிக்கவில்லை, மணியைப் பார்த்தார்.

லோஜன் என்னிடம் வந்தார். "அண்ணே, பழைய சைக்கிள் டியூப் ஏதும் கெடக்குதா?"

என் மேசை லாச்சியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவரே கத்தரித்து, இடது பொத்தானை அழுத்திக் கட்டி, வேலாயியின் கையில் கொடுத்தார். "இப்பப் போடுங்கக்கா." அவள் போட்டாள். தொரை தலையாட்டினார். கையெழுத்து வாங்கியது அதற்குப் பிறகுதான்.

மீதிப் பதினொன்றையும் நான் கட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பெரட்டுக்கு முன்னால் நான்தான் பார்த்துக் கட்டுகிறேன். நீ கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

இன்னும் இருக்கிறது. விரல் போன அன்று காலையில் வேலாயி மெசினைத் திருப்பிக் கொண்டுவந்தாள். டியூப் இற்றுப்போய், கத்தி நின்று நின்று ஓடுகிறது என்றாள். அவளுக்கு முதல் நாள் அரைப்பேர். நான் புதுத் துண்டு எடுத்து இரண்டு சுற்று இறுக்கிக் கட்டினேன். "இனி நிக்காது, போ," என்றேன்.

நிற்கவில்லை.

இதை அண்ணிக்கும் நான் சொன்னதில்லை. தேதி போட்டிருக்கிறேன். கையெழுத்தும் போடுகிறேன்.

செ. கஜேந்திரன்


வெள்ளவத்தை
11.08.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. இரத்த அழுத்தம் பாருங்கள். அண்ணியை நம்பிப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரியில் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை இந்த வழக்கிலிருந்து விலகினேன். நிகழ்வைக் கண்ட ஒருவர் என் உடன்பிறந்தவர் என்று கம்பெனிக்கு எழுதினேன். நீங்கள் எனக்கு எழுதிய வேறு எதையும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் எனக்குச் சொன்ன எதையும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. ஜனவரியில் எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது. ஏழு மாதம் தாமதம். இருபத்திரண்டு வருடத்தில் என் கணக்கில் இருக்கும் பெரிய பிழை இதுதான். தோற்ற ஐந்தும் இதற்குப் பக்கத்தில் வராது.

நான் மெசினைப் பிரித்துப் பார்த்தேன் என்று பெருமையாக எழுதினேன். அந்தக் குக்கர் வழக்கில் துளைக்குள் பார்த்தேன். இதில் பதிவேட்டைப் பார்த்ததோடு நின்றுவிட்டேன். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு பெண் கொழுந்தை எதில் போடுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லயத்தில் பிறந்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

உங்கள் கடிதங்களை இத்துடன் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். நான் பிரதி எடுத்து வைக்கவில்லை. கையெழுத்து உங்களுடையது, கடிதங்களும் உங்களுடையவை. சாட்சி சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதில் உங்களுக்குச் சட்டம் சொல்கிற இடத்தில் நான் இல்லை.

அடுத்த மாதம் எனக்கு ஒரு தண்ணீர் சூடாக்கி வழக்கு. துளை, கம்பி, ஆணி எல்லாம் பார்த்துவிட்டேன்; பொருத்தியவரையும் தேடிப்போய்ப் பேசிவிட்டேன். அதில் நியாயம் கம்பெனி பக்கம்தான். ஜெயிப்பேன்.

தங்கை சுதர்ஷினி


அக்கரப்பத்தனை
25.08.2024

அன்புத் தங்கச்சிக்கு,

பார்சல் வந்தது. அழுத்தம் பார்த்தேன், கொஞ்சம் கூடத்தான். மாத்திரை தந்திருக்கிறார்கள்.

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. காலையில் என் சட்டையை அயர்ன் பண்ணி வைத்துவிட்டு, "ஹட்டன் பஸ் ஆறே முக்காலுக்கு," என்றாள்.

வேலாயியின் லோயர் ரிஸ்னா என்று ஒரு முஸ்லிம் பிள்ளை. ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் ஒப்பீஸ். தனுஷிகாவின் வயதுதான் இருக்கும். கடிதங்களை வாசித்துவிட்டு, "இந்தத் தேதியெல்லாம் போடச் சொன்னது யாரு?" என்று கேட்டாள். என் தங்கச்சி என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து மெசின்களைக் கட்டாமல் கொடுக்கிறேன். முதல் நாளே நாலு பேருக்கு அரைப்பேர். பெரட்டில் எனக்கு விழுந்த திட்டில் உன் கருவி ஊளையிட்டது, கழற்றிவிட்டேன். வியாழக்கிழமை கண்டாக்கு வந்து பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டார். இப்போது ஸ்டோர் வாசல் கூட்டுகிறேன். சம்பளம் அதேதான், கவலைப்படாதே.

அண்ணன் கஜேந்திரன்


வெள்ளவத்தை
19.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம். மாத்திரையை விடாமல் போடுங்கள். தண்ணீர் சூடாக்கி வழக்கில் ஜெயித்தேன்.

இருபத்தெட்டாம் தேதி சாட்சி சொல்ல உங்கள் முறை என்று தனுஷிகா சொன்னாள். இதைத் தங்கையாக எழுதுகிறேன். உண்மையைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். கருவியை மறக்காமல் போட்டுப் போங்கள்.

சுதர்ஷினி


அக்கரப்பத்தனை
02.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலமாக இருக்கிறேன். அழுத்தம் இறங்கியிருக்கிறது. உன் வெற்றியைக் கேட்டு அண்ணி பால்சோறு போட்டாள்.

நீ சொன்னதில் ஒன்றை நான் கேட்கவில்லை. கருவியைப் போட்டுப் போகவில்லை. வேண்டுமென்றுதான்.

கம்பெனிக்கு இப்போது வேறொரு லோயர். மெல்லப் பேசுகிற மனிதர். நான் கேட்கவில்லை என்றேன். கொஞ்சம் கூட்டினார். கேட்கவில்லை என்றேன். நீதிபதி அம்மா அவரைச் சத்தமாகப் பேசச் சொன்னார். அவர் கழுத்து நரம்பு புடைக்க, "அந்தப் பொத்தானைக் கட்டினது யார்?" என்று கத்தினார். வெளியே நடையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"நான்தான்," என்றேன். நானும் சத்தமாகத்தான் சொன்னேன்.

"உங்களுக்குக் கட்டச் சொல்லித் தந்தது யார்?" அதையும் கத்தினார். கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. லோஜன் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். நான் கையைக் காட்டினேன். அவர் மறுத்துத் தலையாட்டவில்லை. அடுத்த தவணையில் அவரையும் கூப்பிடுகிறார்கள். அதற்கு முன்னால் பேசித் தீர்க்கலாமா என்று மத்தியானமே கம்பெனிப் பக்கத்திலிருந்து ரிஸ்னாவிடம் கேட்டார்களாம். பேசுவதென்றால் பொத்தானைப் பற்றியும் பேச வேண்டும், எல்லாத் தோட்டத்து மெசினுக்கும் சேர்த்து, என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. உனக்கு அவளைப் பிடிக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வேலாயி பக்கத்து சீட்டில் இருந்தாள். தலவாக்கலை தாண்டியது. பிறகு அவளாகவே ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"அந்தக் கடதாசிய நீங்க வாசிச்ச அன்னைக்கே, எம் மகளும் வீட்டுல வச்சு, தெரிஞ்ச சிங்களத்துல பேர மட்டும் எழுத்துக்கூட்டி வாசிச்சா. செல்லசாமிங்கிற பேரு எங்களுக்குத் தெரியாதாண்ணே? டியூப்ப இறுக்கிக் கட்டுனது யாருன்னு எனக்குத் தெரியாதா? லோயரம்மாகிட்ட நாஞ் சொல்லல. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

காது கேட்காதவன்போல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் இரைச்சல், கருவியும் இல்லை, அவள் முகமும் அந்தப் பக்கம்.

ஆனால் கேட்டது.

உன் அண்ணன்
கஜேந்திரன்